டீச்சருக்கும் சேர்த்து ஒரு குடை

ஜூன் 3

அன்புள்ள கண்ணாடிக்கடை அண்ணாவுக்கு,

இந்த நேரத்தில் எழுத உட்கார்ந்ததற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். மணி பன்னிரண்டாகிவிட்டது, எழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம். பையன் இப்போதுதான் கண் அசந்தான். ஆறு மாதக் குழந்தை இருக்கும் வீட்டில் பேனா பிடிக்க வேறு நேரம் கிடையாது. உங்கள் மலைப்பக்கம் போன் கிடைப்பதில்லை என்பதால் புல் லாரி டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

டீச்சர் எப்படி இருக்கிறாள்? நீங்கள் அவளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போன மறுநாள், தூக்கக் கலக்கத்தில் ஐந்து மணிக்கே எழுந்து கொள்ளு வாளியோடு கொட்டகைக்குப் போய்விட்டேன். காலி இடத்தைப் பார்த்ததும்தான் உறைத்தது. என் வீட்டுக்காரர் பின்னாலேயே வந்து, "குதிரைக்கே லீவு விட்டாச்சு, நீயும் லீவு எடுத்துக்கோ" என்றார். சிரித்தேன், அழுகையும் கூடவே வந்தது.

குதிரைக்கு ஏன் அந்தப் பெயர் என்று உங்கள் மகள் கேட்டாளே. நாம் ஏதாவது தப்புச் செய்தால் தலையைத் தூக்கி, மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பதுபோல் ஒரு பார்வை பார்ப்பாள். இரண்டு நாளில் பாப்பாவுக்கே புரிந்துவிடும்.

கொள்ளை நன்றாக ஊறவைத்து, அளவாகக் கொடுங்கள். உருவம்தான் பெரிசு, வயிறு பச்சைக்குழந்தை வயிறு. விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தால் வயிற்றுவலி என்று அர்த்தம், உடனே மாட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள். குளம்பைத் தினமும் சுத்தம் செய்ய வேண்டும். இடது பின்னங்காலைத் தூக்க அடம்பிடிப்பாள். இழுக்காதீர்கள், தோளால் லேசாக அவள்மேல் சாய்ந்து நில்லுங்கள், தானே தருவாள். ஆறு வாரத்துக்கு ஒருமுறை லாடக்காரர். குளிர்ந்த காலையில் பிடரிக்கு அடியில் கையை வைத்துப் பாருங்கள். அந்தக் கதகதப்புக்காகவே விடியுமுன் எழுந்திருக்கலாம்.

நானும் ஒழுங்காகத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், இவன் பிறக்கும்வரை. அப்புறம் ஒரு கையில் இவன், ஒரு கையில் பிரஷ். போன மாதம் குளம்பில் கல் ஏறி மூன்று நாள் நொண்டியிருக்கிறாள், நான் கவனிக்கவே இல்லை. அன்றைக்குத்தான் விற்றுவிடுவது என்று முடிவு செய்தேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதற்குள் இவன் சிணுங்குகிறான். இருக்கட்டும்.

இப்படிக்கு,
டீச்சரின் பழைய வீட்டுத் தங்கை

ஜூன் 9

அன்புள்ள தங்கச்சிக்கு,

நாங்கள் நலம். டீச்சரம்மாவும் நலம். வந்த புதிதில் இரண்டு நாள் சுவரைப் பார்த்தே நின்றார்கள். என்ன குற்றம் செய்தோம் என்று தெரியாமல் நாங்கள் மூன்று பேரும் வெளியே கைகட்டி நின்றோம். கடைசியில் என் மகள்தான் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து வாய்ப்பாடு ஒப்பித்தாள். ஏழாம் வாய்ப்பாட்டில் தடுமாறியபோது டீச்சர் திரும்பிப் பார்த்தார்களாம். "அப்பா, அது கண்டுபிடிச்சிருச்சு" என்று ஓடிவந்தாள். அன்றிலிருந்து இரண்டும் ஒட்டிக்கொண்டன.

நீங்கள் சொன்னபடி சாய்ந்து நின்று பின்னங்காலைக் கேட்டேன். கொடுத்தார்கள், என் கட்டைவிரல்மேல். அது இப்போது கத்தரிக்காய் நிறத்தில் இருக்கிறது. கடைக்குக் கண்ணைக் காட்ட வருகிறவர்கள் என் காலைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

கொள்ளு என்றால் வாயைத் திறப்பது, கடிவாளம் என்றால் மூடிக்கொள்வது குதிரைக்கு மட்டுமா, என் மகளுக்கும் அதே குணம்தான். எட்டு மணிக்கு எழுப்பினாலும் போர்வையை இழுத்துக்கொள்கிறவள், பத்து வயதில் இப்போது விடியுமுன் லத்தி அள்ளுகிறாள். அவள் அம்மா, "உங்க கையால அள்ளி வளர்த்த பிள்ளைதானா இது" என்று என்னைக் கேட்கிறாள்.

நேற்றுதான் முதன்முதலாக ஏறி உட்கார்ந்தாள். நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மைதானத்தை மூன்று சுற்று சுற்றினேன். திங்கட்கிழமையிலிருந்து கயிற்றை விட்டுவிடலாம் என்று இருக்கிறேன். மேகம் கட்டிக்கொண்டு நிற்கிறது. மழை பெய்தாலும் விடமாட்டாளாம். டீச்சருக்கும் சேர்த்துப் பிடிக்க வேண்டும் என்று, இருந்ததிலேயே பெரிய குடையாகப் பார்த்து வாங்கி வைத்திருக்கிறாள்.

கண் பரிசோதிக்கிறவன் நான். எதை வாங்கினாலும் கண்ணைத்தான் பார்ப்பேன். டீச்சர் கண்ணில் கள்ளம் இல்லை, விற்றவர் கண்ணிலும் இல்லை. அதனால்தான் அன்றைக்கு அதிகம் கேட்கவில்லை. ஏதோ இன்னொன்று சொல்ல வேண்டும் என்று எழுதி, பாதியில் நிறுத்திவிட்டீர்களே, என்ன அது?

குட்டிப் பையனுக்கு என் அன்பு.

கண்ணாடிக்கடை அண்ணன்

ஜூன் 10

அண்ணா,

மற்றதெல்லாம் பிறகு. குடையை டீச்சர் பக்கம் கொண்டுபோக வேண்டாம். பாப்பாவை இப்போதைக்கு ஏற்றவும் வேண்டாம். டிரைவர் விடிகாலை ஐந்து மணிக்குக் கிளம்புகிறார். நீங்கள் கடை திறப்பதற்குமுன் உங்கள் கையிலேயே கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

உங்கள் கடிதத்தைச் சிரித்துக்கொண்டே படித்தேன், குடை வரும்வரை.

அதிகம் கேட்கவில்லை என்கிறீர்கள். ஒன்று கேட்டீர்கள். கொட்டகை வாசலில் நின்று, "எதுக்காச்சும் மிரளுமா?" என்றீர்கள். "லாரி ஹாரனுக்கு எந்தக் குதிரைதான் மிரளாது" என்று சொல்லிவிட்டு, டீ குடிக்கிறீர்களா என்று பேச்சை மாற்றினேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் நான் அவள்மேல் போய்க்கொண்டிருந்தபோது, ரோட்டோரத்தில் யாரோ ஒருவர் குடையைப் படாரென்று விரித்தார். டீச்சர் பாய்ந்தாள். நான் கல்மேல் விழுந்து தோள் எலும்பை முறித்துக்கொண்டேன். குதிரையை அனுப்பிவிடச் சொல்வார்களே என்று, வீட்டுக்காரரைத் தவிர எல்லோரிடமும் மாடிப்படியில் வழுக்கியதாகச் சொன்னேன். அதற்கப்புறம் அவளைப் பழக்கியிருக்க வேண்டும். நான் வீட்டிலிருந்த மூன்று குடையையும் பரணில் ஏற்றினேன். இரண்டு மழைக்காலம் தொப்பலாக நனைந்தேன். அவள் மிரளவில்லை, சரியாகிவிட்டாள் என்று என்னை நானே நம்பவைத்துக்கொண்டேன்.

உங்களுக்கு முன் இரண்டு பேர் பார்க்க வந்தார்கள். அவர்களிடம் மறைக்கவில்லை. ஒருவர் பாதி டீயில் எழுந்து போனார். இன்னொருவர், "ஏறத்தானே ஆகாது, செங்கல் இழுக்கட்டும்" என்றார். மூன்றாவதாக நீங்கள் வந்தீர்கள். பாப்பா தன் நெற்றியை அவள் மூக்கில் வைத்தாள், அவளும் அசையாமல் நின்றாள். எனக்குச் சொல்ல வாய் வரவில்லை.

அன்று ராத்திரி வீட்டுக்காரர், "குடை விஷயம் சொல்லிட்டியா?" என்றார். சொல்லிவிட்டேன் என்றேன். இன்று உங்கள் கடிதத்தை அவரிடம் கொடுத்தேன். படித்துவிட்டுத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பரணிலிருந்து மூன்று குடையையும் இறக்கி என் முன்னால் வைத்து, "எழுது" என்றார். மேஜைமேல் அவை இருக்கின்றன. அவற்றுக்குப் பக்கத்தில்தான் எழுதுகிறேன்.

குதிரை கீழே தள்ளியதும் இல்லாமல் குழியும் பறித்ததாம் என்று சொல்வார்கள். பாவம், அவள் பயத்தில் தள்ளினாள். குழி பறித்தது நான், அதுவும் உங்கள் மகளுக்கு. என் பையன் ராத்திரி இருமினால் நாலு தடவை எழுந்து மூக்கில் விரல் வைத்து மூச்சைப் பார்க்கிறவள் நான்.

வேண்டாம் என்றால் அதே லாரியில் ஏற்றி அனுப்பிவிடுங்கள். கொட்டகையை இன்னும் பிரிக்கவில்லை. நீங்கள் கொடுத்த பணம் அப்படியே இருக்கிறது. பையனை முதுகில் கட்டிக்கொண்டாவது பார்த்துக்கொள்வேன்.

வைத்துக்கொள்வதாக இருந்தால், விரித்த குடை ஒன்றைக் கொட்டகைக்கு வெளியே தூரத்தில், காற்றில் உருளாதபடி கல் வைத்துக் கிடக்க விடுங்கள். தினமும் ஓரடி கிட்டே நகர்த்துங்கள். கொள்ளு வாளியை அதன் பக்கமாக வையுங்கள். அவளே வந்து முகர்ந்து பார்க்கும்வரை யாரும் கையில் எடுக்கக் கூடாது. இது நான் புத்தகத்தில் படித்தது, செய்து பார்த்ததில்லை. எத்தனை நாள் ஆகும் என்றும் தெரியாது. நீங்கள் அனுமதித்தால் ஞாயிற்றுக்கிழமை பையனையும் தூக்கிக்கொண்டு வந்து நானே ஆரம்பித்து வைக்கிறேன்.

பாப்பாவிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். டீச்சர் ஏமாற்றவில்லை, டீச்சர் வீட்டு அக்காதான் ஏமாற்றினாள் என்று சொல்லுங்கள். அந்தக் குடையை அவள் தூக்கிப் போட வேண்டாம், பத்திரமாக வைத்திருக்கட்டும்.

என்னைத் திட்டி எழுதினாலும் சரி. டிரைவர் மத்தியானம் திரும்புகிறார். பாப்பா நன்றாக இருக்கிறாள் என்று ஒரு வரியாவது எழுதி அவரிடம் கொடுங்கள். சீக்கிரம் பதில் எழுதுங்கள், அண்ணா.

தங்கை