ஆளில்லாத சாலையைக் கடந்தது

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். குளிர் பழகிவிட்டது. இருமல் இல்லை.

வெறிச்சோடிய சாலையிலும் இந்த ஊர்க்காரர்கள் சிவப்பு விளக்குக்குக் கைகட்டி நிற்கிறார்கள் என்று போன கடிதத்தில் கிண்டல் செய்திருந்தேன். அத்தான் அதை நண்பர்களுக்கு வாசித்துக் காட்டி, "என் மச்சான் போனதே அவங்களுக்கு ரோடு கடக்கக் கத்துக்கொடுக்கத்தான்" என்றாராம். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை. வகுப்புக்கு நேரமாகிவிட்டது. சந்தியில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். பால் வண்டி போனபின் சாலை காலி. நான் இறங்கி நடந்தேன். எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்ற நினைப்பு வேறு.

பின்னால் பிரேக் கிறீச்சிட்டது. சைக்கிள் விழுந்த சத்தம். யாரோ கத்தினார்கள்.

நான் திரும்பவில்லை, அக்கா. நடையை எட்டிப் போட்டேன். வகுப்பில் முதல் வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுத்தேன்.

மாலையில் வீட்டுக்கார அம்மாள் ரொட்டிக் கடையில் கேட்டு வந்து சொன்னாள். காலையில் சைக்கிள் மோதி விழுந்தவர், என் பக்கத்தில் நின்றவர்தான், அவருக்குக் கண் தெரியாதாம். மருத்துவமனையில் தொலைபேசி எடுக்கும் வேலை. பக்கத்து ஆளின் காலடி நகர்ந்தால் அவரும் இறங்குவார். பன்னிரண்டு வருடமாக அப்படித்தான். "எந்தத் தறுதலையோ முன்னால போயிருக்கான்" என்றாள், எனக்குச் சூப் ஊற்றிக்கொண்டே.

ஆமாம் என்றேன்.

இன்று அவர் வந்திருந்தார். மணிக்கட்டில் கட்டு. நான் சற்றுத் தள்ளி நின்றேன். பச்சை விழுந்தது. எல்லோரும் இறங்கினார்கள். அவர் இறங்கவில்லை. அடுத்த பச்சைக்கும் இறங்கவில்லை. தலையைச் சாய்த்துக் காலடிகளைக் கேட்டபடியே நின்றார்.

மூன்றாவது பச்சைக்கு அருகே போய், பச்சை என்றேன், எனக்குத் தெரிந்த அவர் மொழியில்.

"வெளியூரா? நெசமாவே பச்சைதானே தம்பி?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். என் கையைப் பிடித்த விரல்கள் மட்டும் சிரிக்கவில்லை. அந்தப் பக்கம் சேர்ந்ததும், நல்ல பிள்ளை என்றார். நாளைக்கும் எட்டு மணிக்கு வருவாயா என்று கேட்டார்.

வருகிறேன் என்றேன். அன்று முன்னால் போனவன் நான்தான் என்பதும் வாய்வரை வந்தது. அவர் தட்டிக்கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

இது உன் கைக்கு வரப் பத்து நாளாகும். அதற்குள் பத்து முறை அவர் என் கையைப் பிடித்திருப்பார். ஏதாவது ஒரு நாள் நான் சொல்லியிருப்பேன் என்று நம்பிப் படி, அக்கா. நம்ப முடியவில்லை என்றால் திட்டி எழுது. சின்ன வயதில் திட்டுவாயே, அப்படி.

உன் தம்பி