வெறும் வண்டியின் உயரம்

அன்பு மகள் வாலுவுக்கு, அப்பா எழுதுவது.

நீ நலமாக இருக்கிறாய் என்ற நம்பிக்கையில்தான் பேனாவை எடுத்தேன். நாங்கள் எல்லோரும் நலம் என்று வழக்கம்போல எழுதப் போய் பாதியிலேயே கை நின்றுவிட்டது. நான் நலம். அம்மாவுக்கு வலது மணிக்கட்டு எலும்பில் விரிசல், முழங்கை வரை மாவுக்கட்டு போட்டிருக்கிறார்கள், ஆறு வாரம் கழித்துப் பிரிப்பார்களாம். வேறு எங்கும் அடியில்லை, சாப்பிடுகிறாள், தூங்குகிறாள், என்னைத் திட்டுகிறாள், அதனால் பயப்படாதே. அவளுக்கு எழுதித் தொலைக்காதீங்க, அங்க தனியா உட்கார்ந்து அழுவா என்று தடுத்தாள். ஆனால் எழுதியே ஆகவேண்டும், ஏனென்றால் அந்தக் கை உடைந்தது என்னால். எந்த யோசனையால் உடைந்ததோ அதே யோசனையைப் போன மாதம் போனில் உனக்கும் சொல்லியிருக்கிறேன். வரும் திங்கட்கிழமையிலிருந்து பக்கத்தில் பயிற்சியாளர் இல்லாமல் நீ தனியாக லாரி எடுக்கப் போகிறாய், அதற்குள் இது உன் கைக்கு வந்தாக வேண்டும். நேற்று, நான் சொன்னபடி செய்யாதே விவரம் பிறகு என்று ஒரு வரி அனுப்பினேன், நீ பதிலுக்குக் கட்டைவிரலை மட்டும் அனுப்பினாய், கட்டைவிரலை வைத்துக்கொண்டு நான் என்னத்தைத் தெரிந்துகொள்வது? நீ வண்டி ஓட்டும் நேரத்தில் போன் அடிக்கவும் பயம். அதனால்தான் இந்தக் கடிதம், முடித்ததும் படம் பிடித்து அனுப்புகிறேன், அசல் தபாலில் வரும், வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுப் படி.

நான் பஸ் ஓட்டின இருபத்தாறு வருஷமும் ஒரே தடம்தான் என்பது உனக்குத் தெரியும். ரயிலடியிலிருந்து ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரியிலிருந்து ரயிலடி. எனக்கு வழி தவறினதே இல்லை என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டேன், வேறு எங்கேயாவது போயிருந்தால்தானே தவறுவதற்கு. ஓய்வு பெற்று நாலு மாதம் வீட்டில் உட்கார்ந்து, அம்மா பாத்திரம் அடுக்குவதில் குற்றம் கண்டுபிடித்து அவள் உயிரை வாங்கிக்கொண்டிருந்தபோதுதான் இந்த சரக்கு லாரி வேலை வந்தது. நீ அங்கே புது டிரைவர், நான் இங்கே புது டிரைவர் என்று நாம் இரண்டு பேரும் சிரித்தோமே. முதல் வாரமே என் பிழைப்பு சிரிப்பாய்ச் சிரித்தது. போன் காட்டிய குறுக்குவழியை நம்பி ஒரு கிடங்கின் பின்பக்கச் சந்துக்குள் வண்டியை விட்டேன், போன் சொன்னது காருக்கான வழி, சந்தோ ஸ்கூட்டருக்குத்தான் லாயக்கு, ஒரு தையல்கார அம்மா வெளியே வந்து துணி காயப்போட்ட கம்பியைத் தன் அளவுகோலால் தூக்கிப் பிடித்துக்கொள்ள நான் அங்குலம் அங்குலமாகப் பின்னால் எடுத்தேன். இன்னொரு நாள் பழக்கதோஷத்தில் பஸ் நிறுத்தத்தில் லாரியை ஒதுக்கி நிறுத்திவிட்டேன், குடை பிடித்த பெரியவர் ஒருவர் படியைத் தேடினார். இதையெல்லாம் உன்னிடம் சொன்னபோதுதான் நீ, லாரிக்குன்னு தனி வரைபடம் இருக்குப்பா, உயரமும் எடையும் போட்டா அதுவே வழி சொல்லும், போறதுக்கு ஒரு தாள் வர்றதுக்கு ஒரு தாள் எழுதி வச்சுக்கோங்க, நான் அப்படித்தான் செய்றேன் என்றாய். ஒரே இடத்துக்குப் போக ரெண்டு தாளா, உங்க பயிற்சியாளருக்குத் தாள் விற்கிற கடை இருக்கா என்று நான் கிண்டல் செய்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். போன வழியிலேயே திரும்பி வா, போகும்போது இடிக்காதது வரும்போதும் இடிக்காது என்று பெரிய மேதாவி மாதிரி சொல்லி வைத்தேன். அந்த வாயை இப்போது என்ன செய்வதென்று தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை ஒரு லோடு தரை டைல்ஸ். பெரியம்மா வீட்டுப் பக்கம்தான் இறக்க வேண்டும் என்றதும் அம்மாவும் கிளம்பிவிட்டாள். இத்தனை வருஷத்தில் நான் ஓட்டுகிற வண்டியில் எனக்குப் பக்கத்து சீட்டில் அவள் உட்கார்ந்ததே இல்லை, பஸ்ஸில் ஏது பக்கத்து சீட்டு. நல்ல புடவையெல்லாம் கட்டிக்கொண்டு, பெல்ட் போட்டுக்கொண்டு, எல்லாக் கடைப்பலகையையும் சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தாள். அந்த வழியில் ஒரு ரயில் பாலம் இருக்கிறது, நாம் அதற்கு அடியில் போகவேண்டும், பன்னிரண்டரை அடி என்று பலகை வைத்திருக்கிறார்கள். என் வண்டிக்குள் ஒட்டியிருக்கும் அட்டையில் பன்னிரண்டடி மூன்றங்குலம் என்று இருக்கிறது. கணக்குச் சரிதான், இருந்தாலும் புது இடமாயிற்றே என்று நிறுத்தி இரண்டு பேரும் இறங்கிப் பார்த்தோம். பெட்டிக்கும் பாலத்து இரும்புக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி. ஊர்ந்து போனோம், ஒரு கீறல் இல்லை. பெரியம்மா வீட்டில் சாப்பிட்டோம், அவள் உன் கல்யாணப் பேச்சை எடுத்தாள், நான் காது கேட்காத மாதிரி இருந்துவிட்டேன், அதை அப்புறம் பேசிக்கொள்ளலாம். டைல்ஸை இறக்கிவிட்டு அதே வழியில் திரும்பினேன்.

பாலத்துக்குப் பக்கத்தில் வந்ததும் அம்மா, என்னங்க, காலையில மாதிரி ஒரு தடவை இறங்கிப் பாருங்க என்றாள். காலையில போன பாலம் மத்தியானத்துல குட்டையாயிடுமா என்று கேட்டேன். அதை நான் கேட்டு முடிப்பதற்குள், வாலு, அந்தச் சத்தத்தை எப்படி எழுதுவது. இரும்புப் பீரோவை மாடியிலிருந்து தள்ளிவிட்டால் எப்படி இருக்கும், அப்படி. வண்டி குலுங்கி நின்றது, முன்னால் ஊன்றின அம்மாவின் கை மடங்கிவிட்டது. பார்த்தால் பெட்டியின் மேல்விளிம்பு பாலத்து இரும்பில் சொருகிக்கொண்டு நிற்கிறது. அம்மா அழவில்லை, கையைப் பிடித்துக்கொண்டு, பாலம் குட்டையாயிடுச்சுங்க என்றாள். அவள் கிண்டல் செய்யவில்லை, அவளுக்கும் புரியவில்லை, நிஜமாகவே அப்படித்தான் நினைத்தாள். நானும் அரை நிமிஷம் அப்படித்தான் நினைத்தேன். இறங்கிப்போய்ப் பலகையைப் பார்த்தேன், பன்னிரண்டரை அடி. ஏறி அட்டையைப் பார்த்தேன், பன்னிரண்டடி மூன்றங்குலம். திரும்ப இறங்கினேன். எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று பயந்தே போனேன்.

பாலத்தடியில் ஒரு பஞ்சர் கடை, அதை நடத்துகிற பெண் கையைத் துடைத்துக்கொண்டு நிதானமாக வந்தாள். மேலே பார்க்கவே இல்லை, என்னைப் பார்த்து, லோடு இறக்கிட்டு வர்றீங்களாண்ணே என்றுதான் முதலில் கேட்டாள். ஆமாம் என்றேன். வெத்து வண்டி எழும்பும்ல, கனம் இருந்தா ஸ்பிரிங் பட்டை அமுங்கி உட்காரும், இறக்கினா நிமிர்ந்துக்கும், மாசத்துக்கு ஒருத்தர் இப்படித்தான் வந்து மாட்டுறாங்க, போகும்போது போயிட்டோம்னு நம்பிடுறாங்க என்றாள். ஸ்டியரிங் பிடித்தே வயசாகிப் போனவன் நான், பஸ்ஸில் ஜனங்கள் இறங்க இறங்க வண்டி லேசாக எழும்பியதைத் தினமும் காலடியில் உணர்ந்தவன், என் மண்டைக்கு அது எட்டவே இல்லை பார். அவளே அம்மாவைத் தன் நாற்காலியில் உட்காரவைத்து, அட்டைப்பெட்டியைக் கிழித்துக் கைக்கு அணை கொடுத்துக் கட்டினாள். பிறகு பின்சக்கரங்களில் காற்றை இறக்கிவிட்டாள், வண்டி பெருமூச்சு விட்டுக்கொண்டு தணிந்தது, பின்னால் எடுத்தேன். அதற்குள் ரயில்வே ஆட்கள் ஓடிவந்து பாலத்தைத் தட்டிப் பார்த்தார்கள், ஒரு ரயில் முக்கால் மணி நேரம் நின்றது, ஜன்னல் ஜன்னலாக முகங்கள், எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள். அந்த வெட்கம்கூடப் போய்விடும். இறங்கிப் பாருங்க என்று உன் அம்மா சொன்னாளே, அதுதான் காதை விட்டுப் போகமாட்டேன் என்கிறது.

மறுநாள் கம்பெனியில் எல்லா வண்டிகளையும் டேப் பிடித்து அளந்தார்கள். அட்டையில் இருந்தது யாரோ லோடோடு அளந்த உயரம், வெறும் வண்டி பன்னிரண்டடி ஏழங்குலம். மேனேஜர், உங்களுக்கு யாரும் சொல்லலையா என்று கேட்டார். சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருப்பேனா என்பது வேறு விஷயம். இரண்டு வாரம் வண்டி எடுக்க வேண்டாம் என்றிருக்கிறார்கள், நானும் சரி என்றுவிட்டேன், அம்மாவுக்குத் தலை பின்னிவிட ஆள் வேண்டும். முதல் நாள் நான் போட்ட பின்னலைப் பார்த்துப் பக்கத்து வீட்டு அக்கா கயிறு திரிச்சீங்களா என்று கேட்டாள். இன்னொன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. நான் போனது பதினைந்து கிலோமீட்டர் வேகத்தில். அதற்கே அந்தக் கை. உங்கள் ஊர்ச் சாலையில் எண்பதில் போவேன் என்று சொல்லியிருக்கிறாய். அதைக் கணக்குப் போட ஆரம்பித்து, பாதியில் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன்.

ஆகவே கேட்டுக்கொள், நான் சொன்னதைத் தலைமுழுகிவிடு. உன் இரண்டு தாளும் சரி, நீ சரி, நான்தான் தப்பு, இதை உன் பயிற்சியாளரிடமும் சொல். திங்கட்கிழமைக்கு முன்னால் உன் வண்டியை லோடோடு ஒரு தடவை, வெறுமனே ஒரு தடவை அளந்து, இரண்டு எண்களையும் எனக்கு அனுப்பு. கட்டைவிரல் வேண்டாம், எண் வேண்டும். நீ பத்திரமாகப் போய்ப் பத்திரமாகத் திரும்ப வேண்டும், நல்ல சாலையும் நல்ல மனுஷர்களும் உனக்கு அமைய வேண்டும், உன் கை கால் சுகத்தைத் தவிர எங்களுக்கு வேறு வேண்டுதல் இல்லை.

என்றும் உன் நன்மையை நினைக்கும்,
அப்பா
(வெறும் வண்டி: பன்னிரண்டடி ஏழங்குலம்)

கடைசி வரி வழக்கம்போல அம்மாவுடையது. நான் எழுதித் தருகிறேன் என்றால் கேட்கவில்லை, இடது கையால் கால் மணி நேரம் எழுதினாள், எழுத்தைப் பார்த்துவிட்டு அழாதே.

சந்தேகம் வந்தா இறங்கிப் பாரு கண்ணு. அம்மா.