சின்ன அளவு பிசகிய காலை

வெதுருகுப்பம்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் மோகனப்ரியாவுக்கு நைனா எழுதுவது. மஸ்கட்டில் நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன், இங்கே எல்லாரும் சுகம், நானும் சுகம்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பதறாமல் படி. போனில் சொன்னால் பாதியில் உன் அம்மா பிடுங்கிக்கொண்டு அழுவாள், நீயும் அழுவாய், நான் சொல்ல வந்தது நின்றுபோகும்.

போன மாதம் ஒருநாள் காலையில் மாங்காய் லோடு ஏற்றிக்கொண்டிருந்தபோது நெஞ்சை அடைத்தது. உன் சித்தப்பா முனிகிருஷ்ணன் திருப்பதியில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். ஈசிஜியில் தெளிவாக ஒன்றும் தெரியவில்லை, மாத்திரை கொடுத்துப் படுக்க வைத்து, ரத்தத்தில் ட்ரோபோனின் பார்த்தால்தான் மாரடைப்பா வெறும் வாயுவா என்று தெரியும் என்றார் டாக்டர். முக்கால் மணி நேரம் ஆகியும் ரிசல்ட் வரவில்லை. லேபில் தரணி என்று நகரி ஊர்ப் பெண் ஒருத்தி, உன் வயதுதான் இருக்கும், உன்னைப்போலவே லேப் வேலை. தினமும் காலையில் அளவு முன்பே தெரிந்த இரண்டு கன்ட்ரோல் சாம்பிளை மெஷினில் ஓட்டிப் பார்ப்பீர்களாமே, அதில் பெரிய அளவு சரியாக வந்திருக்கிறது, சின்ன அளவைக் குறைத்துக் காட்டியிருக்கிறது. மெஷினைச் சரிசெய்து மறுபடி ஓட்டிப் பார்க்காமல் யாருக்கும் ரிப்போர்ட் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். ஒண்ணு சரியா வந்துச்சில்ல, இன்னாத்துக்குமா இன்னும் இழுத்துக்கினு கீறே என்று உன் சித்தப்பா கத்தினான். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் படுத்தபடியே சேர்ந்து கத்தினேன். அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கியது, ஆனால் அசையவில்லை.

அப்புறம் வந்த ரிசல்ட்டில் இருக்கவேண்டியதைவிடக் கொஞ்சமே கொஞ்சம் அதிகம். மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்ததில் இன்னும் ஏறியிருந்தது, மாரடைப்புதான். அன்றைக்கே ஆஞ்சியோ, ஒரு ஸ்டென்ட். மறுநாள் அவள் ரத்தம் எடுக்க வந்தபோது மன்னிப்புக் கேட்டேன். பர்வாலேது அங்கிள், பரவாயில்லை என்று சிரித்துவிட்டு, மெஷின் காலையில் இருந்த நிலையில் ஓட்டியிருந்தால் ஒன்றுமில்லை என்றுதான் காட்டியிருக்கும், வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள் என்றாள். எனக்கு நம் மண்டி எடைமேடைதான் ஞாபகம் வந்தது, லாரி மாங்காயைச் சரியாகக் காட்டும், உன் அம்மா கம்மலை வைத்தால் அசையுமா? என் ரத்தத்தில் இருந்தது கம்மல் அளவு.

போன வருஷம் மஸ்கட்டில் இதே காரணத்துக்கு நீ ரிப்போர்ட்டை நிறுத்தி வைத்ததும், பெரிய டாக்டர் எல்லார் முன்னாலும் திட்டியதும், நீ போனில் அழுததும் அப்போதுதான் உறைத்தது. போன இடத்தில் எதற்கு வம்பு, கேட்டதைக் கொடுத்துவிட்டுப் போ என்றேன் நான். நீ போனை வைத்துவிட்டாய், கடைசிவரை கொடுக்கவும் இல்லை. அன்றைக்கு எனக்குக் கோபம். நான் சொன்னது தப்பு அம்மாடி. என் பேச்சைக் கேட்காத மகளைப் பெற்றதற்கு இன்றைக்குப் பெருமைப்படுகிறேன். என் பொண்ணும் மஸ்கட்ல இதே வேலதான் செஞ்சிக்கினு கீது என்று வார்டு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன், நர்ஸ் வந்து வாயை மூடிப் படுக்கச் சொன்னாள்.

மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறேன். உன் அம்மா உப்பைக் குறைத்ததில் குழம்பை வாயில் வைக்க முடியவில்லை, அதை நீ அவளிடம் கொஞ்சம் சொல்லு. லீவு போட்டு ஓடி வராதே, பொங்கலுக்கு வந்தால் போதும். வேளைக்குச் சாப்பிடு, பெருமாள் உனக்குத் துணையிருப்பார், நீ நூறு வருஷம் நன்றாக இருக்கவேண்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. கன்ட்ரோல் சரியாக வராத நாளில் யார் வந்து கத்தினாலும் ரிப்போர்ட் கொடுக்காதே. கத்துகிறவன் என்னைப்போல ஒரு தகப்பனாக இருப்பான், அவன் பிழைக்கவேண்டும் என்றுதான் சொல்கிறேன், கொடுக்காதே.

இப்படிக்கு
உன் நைனா
நரசிம்மன்