மதியச் சீட்டுக்காரர்கள்

4 ஜனவரி

அன்புள்ள வாயாடிக்கு,

நலம். உனக்கும் உன் வீட்டுக்காரருக்கும் கடிதம் போடக் கை வலிக்கிறதா?

நல்ல சேதி கேள். உன் மருத்துவமனையில் நான் செய்த உளவியல் ஆய்வை இதழில் ஏற்றுக்கொண்டார்கள்! மருந்து சாப்பிடும் முறையைக் கதையாகக் கேட்டவர்களில் நூற்றுக்கு எண்பது பேர் மறுநாள் போனில் சரியாகச் சொன்னார்கள். பட்டியலாகக் கேட்டவர்களில் நாற்பதுதான். அச்சில் வந்தால் என் வேலை நிரந்தரம்.

அக்கா

19 ஜனவரி

அன்புள்ள அக்காவுக்கு,

சந்தோஷம். ஆனால் என் வாய் சும்மா இருக்காதே!

உன் வசதிக்காகக் காலைச் சீட்டுக்காரர்களுக்கெல்லாம் கதை, மதியச் சீட்டுக்காரர்களுக்கெல்லாம் பட்டியல் என்று பிரித்தாய். டாக்டரைப் பார்க்க வருகிறவர்களுக்குச் சீட்டுக் கொடுக்கிற நர்ஸ் நான். மதியச் சீட்டு வெளியூர்க்காரர்களுக்கு. விடியுமுன் பஸ் ஏறி, ஐந்து மணி நேரம் வெறும் வயிற்றோடு காத்திருப்பவர்கள். அன்று ஒருவர், "சிஸ்டர், எம்பேரே மறந்துபோச்சு, மாத்திரையா ஞாபகம் இருக்கும்?" என்றார். அவர் மறந்தது பட்டியலாலா, பசியாலா?

இன்னொன்று. போனில் கேட்டதும் நீதான். கதை கேட்டவர் தடுமாறினால், "ம்... ராத்திரிக்கு?" என்று எடுத்துக் கொடுத்தாய். மற்றவர்களுக்குக் கொடுக்கவில்லை. பக்கத்தில் நின்று கேட்டேன்.

கோபப்படாதே.

உன் வாயாடி

27 ஜனவரி

தங்கைக்கு,

ஊசி போடுவது உன் வேலை, ஆராய்ச்சி என் வேலை. நான் ஏழு வருடம் படித்தது விளையாட்டுக்கா? இதைப் பற்றி இனி எழுதாதே.

அக்கா

2 மார்ச்

என் வாயாடி,

அப்படி எழுதிய கையை ஒடித்துப் போட வேண்டும். மன்னித்துவிடு.

போன் பதிவுகளைத் திரும்பக் கேட்டேன். பதினொரு பேருக்கு எடுத்துக் கொடுத்திருக்கிறேன். பதினொருவரும் கதை கேட்டவர்கள். வேண்டுமென்று செய்யவில்லையடி, ஆனால் செய்திருக்கிறேன். கட்டுரையைத் திரும்பப் பெற்றுவிட்டேன். துறைத்தலைவர், "வெண்ணெய் திரளும்போது தாழிய உடைக்கறீங்களேம்மா!" என்று தலையில் அடித்துக்கொண்டார். ஆண்டு முடிவதற்குள் வேறு கட்டுரை வராவிட்டால் வேலை போய்விடும்.

மறுபடி செய்கிறேன். கதையா பட்டியலா என்பது ஒட்டிய கவருக்குள் இருக்கும். குலுக்கிவைத்த கவர்களை வரிசையாக நீ கொடு, காலையோ மதியமோ. பிரித்துப் படித்துச் சொல்வது நான், மறுநாள் போனில் கேட்பது வேறு ஆள்; யாருக்கு எந்தக் கவர் என்று அவருக்குத் தெரியாது. எதை எப்படி எண்ணுவோம் என்று முன்கூட்டியே இதழுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். பிறகு வளைக்க முடியாது. பயமாக இருக்கிறது.

அக்கா

15 மார்ச்

அக்கா,

கவர்கள் வந்தன. ஒன்றைக்கூடப் பிரித்துப் பார்க்கவில்லை, பார்க்கத் துடித்தது உண்மை. தைரியமாக இரு.

வாயாடி

8 அக்டோபர்

அடி என் தங்கமே,

ஜெயித்துவிட்டோம்! கதை அறுபத்தாறு, பட்டியல் ஐம்பத்தொன்று. பழைய வித்தியாசத்தில் பாதிகூட இல்லை. இருக்கட்டுமே, உண்மையானது! இதழின் மதிப்பீட்டாளர்கள் மூவரும் துருவித் துருவிப் பார்த்துவிட்டு ஏற்றுக்கொண்டார்கள். வேலை நிரந்தரமாகிவிட்டது.

துறைக் கூட்டத்தில் தலைவர், "மொத ஆய்வுல தப்ப யாரு கண்டுபிடிச்சா?" என்றார். "சீட்டுக் கொடுக்கிற நர்ஸ். என் தங்கச்சி" என்றேன். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

கட்டுரையில் இரண்டாவது பெயர் உன்னுடையது. அச்சுக்குப் போகுமுன் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டு அனுப்பு.

அக்கா

17 அக்டோபர்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை வார்டு முழுக்கப் படித்துக் காட்டினேன். பெரிய டாக்டரே கைகுலுக்கினார்.

கட்டுரையை இரண்டு முறை படித்தேன். கையெழுத்து இன்னும் போடவில்லை. நான்காம் பக்க அட்டவணையைக் கூட்டினால் ஒரு ஆள் குறைகிறார். அவரைத் தேடிக் கண்டுபிடி, பிறகு போடுகிறேன்.

வாயாடி