குங்குமம் வைத்த ஹார்ட் டிஸ்க்

அக். 9, புதன்
காலையிலிருந்து புழுக்கம். மழை தொடங்குமுன் சர்வரில் இருப்பவற்றில் எதற்கெல்லாம் நகல் எடுப்பது என்று கூட்டம். கல்லூரி சர்வர் தரைத்தளத்தில், வாஸ்துப்படி தென்கிழக்கு மூலையில். மாடிக்கு மாற்றச் சொல்லி அலுத்துவிட்டது. நகலுக்கு வாங்கித் தந்தது ஒரே ஹார்ட் டிஸ்க்.
முதல்வரின் பட்டியல்: கட்டணக் கணக்கு, மதிப்பெண், தாளாளரின் மணிவிழா வீடியோ. மூன்று கேமராவும் முழுசாக.
நான் கேட்டது: கோவளம் மீனவர்கள் விடியலில் காற்றும் நீரோட்டமும் சொல்லி அனுப்பிய குரல் பதிவுகள். என் பல வருட ஆய்வு. போன் நிறைந்தபோது சர்வரில் ஏற்றிவிட்டு அழித்திருந்தேன்.
"அதெல்லாம் வாட்ஸ்அப் பேச்சுதானே மேடம்?" என்றார் முதல்வர்.
அவர் பட்டியலே டிஸ்க்கில் ஏறியது.
தோசை மாவு. கரண்ட் பில்.

அக். 10, வியாழன்
கோவளத்தில் தனத்திடம் சங்கரா மீன் வாங்கினேன். அவள் கணவர் ஏழுமலை போன வருடம் கடலுக்குப் போனவர், திரும்பவில்லை. பதிவுகளில் பாதி அவர் குரல்.
"மேடம், அவரு கொரலு பத்திரமா கீதுல்ல? என் போனு தண்ணில வுழுந்து எல்லாம் பூட்ச்சு."
"இருக்கு தனம். அனுப்புறேன்."
"எப்பப் பாரு இதையே சொல்லிகினு கீற. ஒண்ணு போதும். என்னத் திட்டுறதா இருந்தாக்கூட சரி."
மாலை கல்லூரிக்குத் திரும்பி, டிஸ்க்கிலிருந்து மணிவிழாவை அழித்தேன். குரல்கள் ஏறின. யாரிடமும் சொல்லவில்லை.

அக். 11, வெள்ளி
ஆயுத பூஜை. டிஸ்க்கை வீட்டுக்கு எடுத்துவரப் போனேன். சர்வருக்கு மாலை. அதன் காலடியில் டிஸ்க், சந்தனம் குங்குமத்தோடு.
கை நீட்டியதும் லேப் உதவியாளர் சேகர்: "ஐயோ மேடம், பூசைல வெச்சத இன்னிக்கு எடுக்கக் கூடாது. ரெண்டு நாள்ல இன்னா ஆயிடப் போவுது?"
நம்பிக்கை இல்லாத நான், எதற்கு வம்பு என்று, பொரியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அக். 15, செவ்வாய்
நேற்று மழை விடுமுறை. இன்று தரைத்தளத்தில் இடுப்பளவு தண்ணீர். சர்வரும் நகலும் ஒன்றாக மூழ்கியிருந்தன. சேகர் துழாவி எடுத்துக் கொடுத்தார். டிஸ்க்கில் பொரி ஒட்டியிருந்தது. துடைத்தேன். எதற்கோ.

அக். 18, வெள்ளி
வெயில். பழுதுபார்ப்பவர் கைவிரித்துவிட்டார். கட்டணக் கணக்கு ஆடிட்டரிடம் இருக்கிறதாம். மதிப்பெண் பல்கலைக்கழகத்தில். மணிவிழா எல்லார் போனிலும்; முதல்வர் கல்லூரி வாட்ஸ்அப் குழுவில் மறுபடி போட்டிருக்கிறார். நானும் கை கூப்பும் படம் ஒன்று போட்டேன்.
மாலை தனம் கூப்பிட்டாள்.
"புதுப் போனு மேடம், பொண்ணு வாங்கிக் குட்த்துச்சு. இப்ப அனுப்பு."
நெட் வரவில்லை என்றேன்.