தோளில் வைத்த கை

மருதனார்மடம்
மார்ச் 12

மாதாவின் கருணை உன்னோடிருக்க.

அன்புள்ள மகன் ஜெரிசனுக்கு,

இது உன் அப்பா தன் கையாலேயே எழுதுவது. அற்புதராணி ரீச்சரிடம் நான்கு மாதம் படித்தேன். எழுபத்தொரு வயதில் பேனை பிடித்தவனுக்கு ஒரு பக்கம் எழுத இரண்டு நாள் போகிறது. அதிலும் எனக்குச் சந்தோசந்தான். நான் போன் எடுத்தால் நீ கட் பண்ணிவிடுகிறாய். அதனால் முல்லைத்தீவுக்கு வருகிற கிறிஸ்ரோபரிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

நானும் றஜிதா அக்காவும் சுகம். 27ஆம் திகதி உன் வழக்குத் தவணை. அன்றைக்கும் நீ வராமல் மீன்வாடியிலேயே இருந்தால் பிடியாணை போடுவார்கள் என்று சட்டத்தரணி சொல்கிறார். அக்கா சரியாகச் சாப்பிடுகிறாள் இல்லை.

எங்கள் நெடுந்தீவில் ஒரு நாள் முழுக்கக் காணாத வாகனங்களை இங்கே ஒரு பீடி முடியிறதுக்குள் காண்கிறேன். பின்னேரங்களில் சந்தியில் நின்று பார்ப்பேன். ஹோர்ன் அடிக்கிறவர்கள் சண்டைக்கு வருகிறார்கள் என்று முதலில் நினைத்தேன். இல்லை, அது இவர்களுக்குச் சும்மா கதைக்கிறது மாதிரி. வலப்பக்க லைற்றைப் போட்டுவிட்டு இடப்பக்கம் திரும்புகிறார்கள். ஒழுங்கைக்குள்ளிருந்து வருகிறவர் கையை மட்டும் நீட்டிவிட்டு, பாராமலே றோட்டில் ஏறுகிறார். ஆஞ்சநேயர் கோயிலடி வந்ததும் வாகனம் ஓடுகிறவர்கள் ஒரு கையை எடுத்து நெஞ்சில் வைக்கிறார்கள். பின்னால் வருகிறவன் நிற்பான் என்று எல்லாரும் நம்புகிறார்கள். அனேகமாக அவனும் நிற்கிறான்.

அந்தக் கோயிலடியைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

போன கிழமை அக்காவின் அலுமாரியில் ஒரு கடதாசி கண்டேன். நீ பொலிசுக்கென்று எழுதிக்கொண்டு வந்து, ஆஸ்பத்திரி வாசலில் என்னிடம் கைநாட்டு வாங்கினது. எழுத்துக் கூட்டிக் கூட்டி வாசித்தேன். நான் பின் சீற்றில் நித்திரை, ஒன்றையும் காணவில்லை என்று நான் சொன்னதாக இருக்கிறது.

மகன், நான் நித்திரை கொள்ளவில்லை. அது உனக்கும் தெரியும். உன் ஓட்டோவில் நான் முதல் தரம் ஏறின நாள் அது. முன்னால் சைக்கிளில் போன மனிசன் கும்பிடுவதற்குக் கையை எடுத்தார். சைக்கிள் ஆடினது. அவர் விழப்போகிறார் என்று பயந்து உன் வலத் தோளைப் பிடித்து இழுத்தேன். கடலில் வள்ளத்து எஞ்சின் இரைச்சலுக்குள் சத்தம் கேட்காது. தண்ணிக்குள் பாறைப் பாரைக் கண்டவன் சுக்கான் பிடிக்கிறவனின் தோளை இழுப்பான், அவன் ஏன் என்று கேளாமல் அந்தப் பக்கம் வெட்டுவான். அப்படித்தான் உன்னைப் பழக்கினேன். நீயும் கேளாமல் வெட்டினாய். அவரும் கும்பிட்டபடி அந்தப் பக்கமே சரிந்து, ஓட்டோவில் அடிபட்டார். நான் தொடாமல் இருந்திருந்தால் நீ நேரே போயிருப்பாய்.

நேற்று அவரைத் தேடி இணுவிலுக்குப் போனேன். பெயர் நமசிவாயம், தோட்டக்காரர். தொடை எலும்புக்குத் தகடு வைத்திருக்கிறது, தடியோடு நடக்கிறார். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தடியைச் சுவரில் சாத்திவைத்தார். பிறகு சொன்னார்: “நாலு மாசமா அந்தப் பெடியனை எல்லோ திட்டிக்கொண்டிருந்தனான். உம்மட கையெண்டு முதலே சொல்லியிருந்தால் உம்மைத் திட்டியிருப்பன்.” எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை. தன் மனைவி பத்மாவதியைக் கூப்பிட்டு எனக்குத் தேத்தண்ணி போடச் சொன்னார். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இன்றைக்குக் காலமை பொலிசுக்குப் போய், நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்துவிட்டேன். கோபிக்காதே. எனக்காக நீ பொய் சொன்னது அன்பு என்று எனக்குத் தெரியும். ஆனால் இந்த நான்கு மாதமும் நான் சோறு தின்றது உன் பெயரில் விழுந்த பழியின் நிழலில்.

வா, மகன். தவணையன்று நாங்கள் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்போம். கேட்கிறதை என்னிடம் கேட்கட்டும். நீ ஏறுகிற பஸ்ஸின் சாரதி இரண்டு கையாலும் பிடித்து ஓட்ட, மாதா பார்த்துக்கொள்ளட்டும்.

உன் வரவைப் பார்த்திருக்கும்
அப்பா
கனிசியஸ்