கேமராவின் நடுக்கண்ணில் வைத்த பொட்டு

விரலில் இன்னும் சந்தன வாசனை போகவில்லை. நேற்று சரஸ்வதி பூஜை. நேற்றே எழுதியிருப்பேன், புஸ்தகம், பேனா, மைக்கூடு எல்லாம் பூஜையில் இருந்தன, தொடக் கூடாது. இன்று விஜயதசமி. பேனாவைக் கையில் எடுத்ததும் முதல் எழுத்து உங்களுக்குத்தான்.

போன வருஷம் இந்த வீட்டில் பண்டிகை என்ற பேச்சே கிடையாது. சந்தனக் கல் பரணில் கிடந்தது. இந்த ஆவணியில் உங்கள் வருஷாப்திகம், முதல் வருஷத் திதி, முடிந்தது. நேற்றுக் காலை கல்லை அலம்பிக் கட்டையை நாலு இழைப்பு இழைத்ததும் கூடம் முழுக்க மணந்தது. அந்தச் சத்தம் கேட்டால் போதும், ஈர வேஷ்டியோடு குங்குமச் சிமிழைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கிற மனுஷர் நீங்கள். பூஜை உங்கள் அண்ணா செய்வார். சாமான்களுக்குப் பொட்டு வைக்கிற உத்தியோகம் மட்டும் உங்களுடையது. தையல் மெஷினுக்கு, சைக்கிளுக்கு, ரேடியோப் பெட்டிக்கு, அட, முற்றத்தில் புதிதாகக் குழாய் போட்டபோது அதற்குக் கூட வைத்தீர்களே. நேற்றுத் திரும்பிப் பார்த்தேன், ஒருவரும் வந்து நிற்கவில்லை.

நம் பெண் ஜெயா தன் காலேஜ் புஸ்தகங்களைப் பலகையில் அடுக்கிவிட்டு, அலமாரியிலிருந்து அந்தக் கறுப்புப் பெட்டிக் கேமராவைக் கொண்டு வந்து எல்லாவற்றுக்கும் மேலே வைத்தாள்.

ஞாபகம் இருக்கிறதா? யுத்தம் முடிந்தும் ரேஷன் ஓயாத காலம். ஜெயா நாலாவது பாரம். மாசி மாதம் பள்ளிக்கூடத்தில் மகாபலிபுரம் அழைத்துப் போகிறார்கள் என்றும், கேமரா இருக்கிற பெண்கள் கொண்டு வரலாம் என்றும் வந்து சொன்னாள். உங்கள் அண்ணா அப்போது வேறு யோசனையில் இருந்தார். ஜாதகத்தை வெளியே எடுத்தாயிற்று. ஜாதகத்தோடு போட்டோவும் அனுப்பினால்தான் இப்போதெல்லாம் பதில் போடுகிறார்கள் என்று, ஜெயாவைத் தியாகராய நகர் ஸ்டூடியோவுக்கு அழைத்துப் போய்ப் பூந்தொட்டிக்குப் பக்கத்தில் நிறுத்த நாள் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த வருஷத்தோடு படிப்பு போதும் என்பது அவர் கட்சி. ஆறாவது பாரம் வரை படித்துவிட்டுக் காலேஜுக்கும் போக வேண்டும் என்பது ஜெயாவின் கட்சி. நீங்கள் எந்தக் கட்சியிலும் சேராமல் ரசம் சாதம் பிசைந்துகொண்டிருப்பீர்கள்.

அப்படிப் பிசைந்துகொண்டிருந்த ஒரு ராத்திரிச் சாப்பாட்டில்தான் உங்கள் அண்ணா சிரித்துக்கொண்டே சொன்னார். "பொண் குழந்தை கையில கேமராவா? ஒரு சுருள்ல எட்டுப் படம். அதுல பாதி தேறட்டும், அவ இஷ்டம் போலப் படிக்கட்டும், நான் வாயைத் திறக்கலை. தேறலைன்னா ஸ்டூடியோவுக்குக் கிளம்பணும்."

அவரிடம் நான் நேருக்கு நேர் பேசியதில்லை. சொல்ல வேண்டியதைக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு ஜெயாவிடமோ சுவரிடமோ சொல்வேன். அன்றும் அப்படியே சொன்னேன். "ஏண்டி ஜெயா, பெரியப்பா சொன்னது காதுல விழுந்துதோல்லியோ? பெரியவா வாக்கு. நன்னா ஞாபகம் வெச்சுக்கோ." அவர் கை இலையில் அப்படியே நின்றது. விளையாட்டாகச் சொன்னதை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். எனக்கு வேறு பிடி கிடையாது.

அடுத்த சனிக்கிழமை லஸ் முனையில் டிராம் ஏறி மூன்று பேரும் மவுண்ட் ரோடு போனோம். கடைக்கார பாய் இரண்டு கேமராவை எடுத்து மேஜைமேல் வைத்தார். ஒன்று மடக்குக் கேமரா. மூடியைத் திறந்தால் ஆர்மோனியத் துருத்தி மாதிரி முன்னால் நீண்டு வரும். வெள்ளிப் பூச்சு, வளையம் வளையமாக எண்கள். உங்கள் கண் அதைவிட்டு நகரவில்லை. இன்னொன்று இந்தப் பெட்டி. "இதென்னது, பிஸ்கோத்து டப்பா மாதிரி?" என்றீர்கள். பாய்க்குக் கூடச் சிரிப்பு வந்துவிட்டது.

எனக்குக் கேமராவைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. ஆனால் என் பெண்ணின் படிப்பு அதில் மாட்டிக்கொண்டிருந்தது. "ஏன்னா, வாசல்ல ஒரு ஜட்கா நிக்கறது பாருங்கோ. அதை இதுல படம் எடுக்கற மாதிரி செஞ்சு காட்டுங்கோ" என்றேன். நீங்கள் உற்சாகமாக மடக்குக் கேமராவை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தீர்கள். எத்தனை அடி தூரம் என்று ஒரு வளையத்தைத் திருகினீர்கள். வெயில் எவ்வளவு என்று பாயைக் கேட்டு இன்னொன்றைத் திருகினீர்கள். மூன்றாவதாக ஏதோ ஒரு முள்ளை நகர்த்திவிட்டுக் கண்ணை இடுக்கினீர்கள். ஜட்கா ராயப்பேட்டை பக்கம் திரும்பிக் கொண்டிருந்தது.

"இன்னா சார், குதுர நிக்குமா உனுக்கோசரம்?" என்றார் பாய். கடைப் பழக்கம் மறந்து தெருப் பேச்சு வந்துவிட்டது அவருக்கு.

பிறகு அந்தப் பெட்டியை நான் வாங்கி வயிற்றோடு அணைத்துக்கொண்டேன். குனிந்து மேல் கண்ணாடியில் பார்த்தால் மவுண்ட் ரோடே ஒரு ரூபாய் நாணயம் அகலத்துக்குள் இருந்தது. டிராம் மட்டும் இடம் வலம் மாறி எதிர்ப் பக்கமாகப் போயிற்று. பக்கவாட்டில் ஒரே ஒரு பிடி. தட்டினேன், 'டிக்' என்றது. அவ்வளவுதான் வேலை. "குழந்தை அங்கே கோவிலைப் பார்ப்பாளா, இல்லே திருகிண்டே நிப்பாளா? இதுதான்" என்றேன். நீங்கள் மடக்குக் கேமராவை இன்னொரு தரம் தடவிப் பார்த்துவிட்டு மேஜைமேல் வைத்தீர்கள். பாவமாக இருந்தது. இருந்தாலும் நான் இளகவில்லை.

"தோள்ல மாட்டிப் பாரு பாப்பா" என்றார் பாய். ஜெயா வாரை மாட்டிக்கொண்டு கடைக்குள்ளேயே இரண்டு நடை நடந்தாள். சூரியன் முதுகுக்குப் பின்னால், ஆள் பத்தடி தள்ளி, தட்டுகிறபோது மூச்சைப் பிடித்துக்கொள், படம் எடுத்ததும் சுருளைத் திருப்பு. வாய்ப்பாடு மாதிரி டிராமில் சொல்லிக்கொண்டே வந்தாள்.

சுற்றுலா கிளம்புகிற அன்று விடியற்காலையில் நான் அடுப்படியில் புளியோதரை கட்டிக்கொண்டிருந்தேன். பூஜை அலமாரிப் பக்கமிருந்து உங்கள் குரல் கேட்டது. "இங்கே வந்து பாரேன்டி. மேலே ரெண்டு சின்னக் கண்ணாடி, நடுவுல பெரிசா ஒண்ணு. மூணு கண்ணு! தலைகீழா வெச்சுப் பார்த்தா சாட்சாத் கபாலீசுவரர்தான்." எனக்குக் கை ஒழியவில்லை. "ஆமாம், பஸ் போயிடப் போறது, குழந்தையை அனுப்புங்கோ" என்றேன். நீங்கள் நெற்றிக்கண்ணுக்கு என்ன செய்தீர்கள் என்று நான் பார்க்கவில்லை.

எட்டுப் படமும் கச்சேரி ரோடு ஸ்டூடியோவில் கழுவி உறையில் வந்தன. நீங்களே வாங்கி வந்தீர்கள். வழியில் பிரித்துப் பார்த்துவிட்டீர்கள் என்பது வாசற்படி ஏறுகிறபோதே உங்கள் முகத்தில் தெரிந்தது. உங்கள் அண்ணா சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக் கைப்பிடிமேல் வைத்தார். கடற்கரைக் கோவிலைப் பனி மூடியிருந்தது. ரதங்களையும் பனி மூடியிருந்தது. ஓரங்களில் அலையும் யாரோ ஒரு பெண்ணின் பின்னலும் தெரிந்தன. நடுவில் ஒரே புகை. "மாசி மாச வெயில்ல மகாபலிபுரத்துல இவ்வளவு பனியா?" என்று கேட்டார். அவர் கேலி செய்ததாகக் கூட எனக்குத் தோன்றவில்லை. விஷயம் முடிந்துவிட்டது என்கிற நிம்மதிதான் அந்தக் குரலில் இருந்தது. ஜெயா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நான் கேமராவைக் கதவுக்குப் பின்னால் எடுத்துப் போய் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். நடுக் கண்ணாடிமேல் மஞ்சளாக ஒரு படலம். விளிம்பில் இம்மி சிவப்பு. நகத்தால் சுரண்டி முகர்ந்தேன். நம் வீட்டுச் சந்தனம், நம் வீட்டுக் குங்குமம். எனக்கு வந்த கோபம் எனக்குத்தான் தெரியும். உலகத்தில் இருக்கிற கேமராக்காரர்கள் எல்லாம் ஒரு தூசு விழாமல் காப்பாற்றுகிற இடத்தில் நம் வீட்டு மனுஷர் பக்தியாகப் பொட்டு வைத்து அனுப்பியிருக்கிறார்.

கதவிடுக்கு வழியாக உங்களைப் பார்த்தேன். நீங்கள் என் கையைப் பார்த்தீர்கள். உங்களுக்கும் தெரிந்துவிட்டது. அந்தக் கூடத்தில் வேறு யாருக்கும் தெரியாது என்று நான் நினைத்தேன். நீங்கள் பேசாமல் இருந்திருந்தால் அன்றைக்குப் பழி குழந்தையோடு போயிருக்கும். அண்ணா எதிரில் உட்காரக் கூட மாட்டீர்கள் நீங்கள். கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் அவரிடம் 'இல்லை' என்ற சொல்லை உங்கள் வாயால் நான் கேட்டது கிடையாது.

"அண்ணா, இதுல குழந்தை தப்பு ஒண்ணுமில்லே. பொட்டு வெச்சவன் நான். கண்ணாடி மேலேயே வெச்சுட்டேன்" என்றீர்கள்.

"யார் வெச்சா என்னடா? படம் தேறலையே. பேச்சுன்னா பேச்சுதானே?"

"பேச்சுதான். இன்னொரு சுருள் வாங்கித் தரேன், அவ எடுப்பா. அது வரைக்கும் ஸ்டூடியோவுக்குப் போறதா இல்லே." நீங்கள் மேல்துண்டை எடுத்து மறு தோளில் போட்டுக்கொண்டீர்கள். "அதுக்கப்புறமும் போறதா இல்லே."

அன்று எனக்கு உங்கள்மேல் வந்த ஆசை இருக்கிறதே, அதை எப்படி எழுதுவது. பெண் பார்க்க வந்த நாளில் கூட அப்படி வந்ததில்லை.

ராத்திரி ஜெயாவிடம் கேட்டேன். பஸ்ஸிலேயே பொட்டைப் பார்த்துத் தாவணித் தலைப்பால் துடைத்தாளாம். காய்ந்த சந்தனம் உதிர்ந்தது, மிச்சம் கண்ணாடியில் ஈஷிக்கொண்டது அவளுக்குத் தெரியவில்லை. "படத்தைப் பார்த்ததும் எனக்குப் புரிஞ்சுடுத்தும்மா. ஆனா பெரியப்பா எதிர்ல அப்பாவைக் காட்டிக் கொடுப்பேனா?" என்றாள். உங்களிடம் இதை நான் சொல்லவே இல்லை. சொன்னால் அழுதுவிடுவீர்கள் என்று விட்டுவிட்டேன். இப்போது தெரிந்துகொள்ளுங்கள்.

சுருள் லேசில் கிடைக்கிற காலமா அது? சித்திரை பிறந்த பிறகுதான் பாய் ஒன்று எடுத்து வைத்திருப்பதாகச் சொல்லி அனுப்பினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் நொச்சிக்குப்பம் போனோம். ஜெயா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துத் தேய்த்தே விட்டாள். கட்டுமரம் கரையேறுவதை எடுத்தாள், வலை உதறுவதை எடுத்தாள். கூடை வைத்திருந்த ஒரு மீன்காரம்மா எட்டி எட்டிப் பார்த்தாள்.

"இன்னா பாப்பா, பொட்டில இன்னா கீது?"

"கேமரா. படம் புடிக்கறது."

"அப்ப நைனாவப் புடி. பாவம், எம்மா நேரமா வெயில்ல நின்னுக்கினு கீறாரு."

நீங்கள் கூச்சத்தில் குடையை மடக்கவா விரிக்கவா என்று தெரியாமல் நின்றீர்கள். ஜெயா பத்தடி பின்னால் போய் மூச்சைப் பிடித்துக்கொண்டு தட்டினாள்.

ஒரு படத்தில் மட்டும் கை அசைந்துவிட்டது. மற்றதெல்லாம் பளிச்சென்று வந்தது. உங்கள் அண்ணா கட்டுமரப் படத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டு போய் வெகுநேரம் பார்த்தார். "கயிறு முடிச்சுக் கூடத் தெரியறதேடி" என்றார். பிறகு ஜாதகத்தை உள்ளே வைக்கச் சொன்னார். அதோடு சரி, அதைப் பற்றி மறுபடி பேசவில்லை.

அன்று ஜெயா எடுத்த உங்கள் படம்தான் இப்போது கூடத்துச் சுவரில் இருக்கிறது. உங்களுக்கு வேறு படமே கிடையாது. பாதி விரிந்த குடையும் நீங்களும்.

நேற்று எல்லாம் அடுக்கியானதும் நான் குங்குமச் சிமிழை எடுத்தேன். உங்கள் அண்ணாவுக்கு இப்போது காது கொஞ்சம் மந்தம், கண் மந்தமில்லை. கோபமாகச் சொல்லவில்லை, தணிந்துதான் சொன்னார். "ஜெயா வைக்கட்டுமே. குங்குமம் உனக்கெதுக்கும்மா இனிமே?" ஜெயா என்னைப் பார்த்தாள். கூடத்தில் எல்லோருக்கும் தெரிந்த சாஸ்திரம்தான், எனக்கும் தெரியும். என் நெற்றியில் வைத்துக்கொள்ள நான் கேட்கவில்லையே.

கதவுக்குப் பின்னால் போகவில்லை. சுவரிடம் சொல்லவில்லை. அவர் முகத்தைப் பார்த்தே சொன்னேன். "இது அவர் பார்த்துண்டிருந்த வேலை. இந்த வருஷம் நான் வைக்கறேன். அடுத்த வருஷமும் நான்தான் வைப்பேன்."

அவர் மணியை எடுத்துக்கொண்டு பூஜையை ஆரம்பித்தார்.

தையல் மெஷினுக்கு வைத்தேன். புஸ்தகங்களுக்கு வைத்தேன். கேமராவுக்கு மூன்று கண்ணையும் விட்டுவிட்டுத் தோல்வாரில் வைத்தேன். பிறகு சுவரிலிருந்து உங்களை இறக்கினேன். உங்களுக்கு மட்டும் கண்ணாடி மேலேயே வைத்தேன்.